உஷார்! முன்னால் போகிற சக்கரத்தை நம்பாதீர்கள்

கார்த்திகை மழை ஓய்கிற நேரம் பார்த்து வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜ் வந்து விழுந்துவிட்டது. "ஞாயிறு 200 கி.மீ. ரைடு. விடிகாலை 4 மணி, புஷ்பா தியேட்டர் ஸ்டாப். யாரெல்லாம் ரெடி?" அரை மணி நேரத்தில் பதினேழு கட்டைவிரல்கள்.

அந்தப் பதினேழு பேரில் பாதிப் பேர் சனிக்கிழமை ராத்திரி எத்தனை மணிக்குத் தலையைச் சாய்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டி, பீஸ் கணக்கு பார்த்து, அட்வான்ஸ் கழித்து, கவரில் பணம் போட்டுக் கொடுத்து, "அண்ணா, ரெண்டு டஜன் கணக்குல விட்டுப் போச்சுங்க" என்று திரும்பி வருகிற டைலருக்குச் சமாதானம் சொல்லி ஷட்டரை இறக்கும்போது மணி பத்தரை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, டயருக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டுப் படுத்தால் பன்னிரண்டு. மூன்று மணிக்கு அலாரம். சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிற நான், ஆறு வருஷமாக ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை ரைடுகள் முக்கால்வாசியும் இந்த மூன்று மணி நேரத் தூக்கத்தில் ஓட்டியவைதான்.

அந்த உரிமையில் சொல்கிறேன். 200 கி.மீ. தூரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூடப் பதினாறு பேர் வருகிறார்களே என்று உள்ளுக்குள் ஒரு தைரியம் வருகிறது பாருங்கள், அதைப் பார்த்துப் பயப்படுங்கள்.

விடிகாலை நாலு மணிக்கு நெடுஞ்சாலையில் தனியாக சைக்கிள் மிதிக்கச் சொன்னால் எவனாவது போவானா? பைத்தியமா என்று கேட்பான். பத்துப் பேர் சேர்ந்தால் அதே ஆள் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறான். ரோடு மாறவில்லை, லாரி மாறவில்லை, அவனுடைய தூக்கக் கலக்கமும் மாறவில்லை.

1997இல் டிரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்து, 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரைப் போலத் தடுமாறுகின்றன என்பது அதில் தெரியவந்தது. நம் நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டுபவருக்கு வரம்பே 0.03தான். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்தவர் ராத்திரி பதினொன்றுக்கே அந்த 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். அதற்கு மேல் ஒரு மூன்று மணி நேரக் குட்டித் தூக்கம் போட்டால் கணக்கு நேராகிவிடுமா? சைக்கிளுக்கு ஊதிப் பார்க்க போலீஸ் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். அவினாசிபாளையம், குண்டடம், தாராபுரம் வழியாக ஒட்டன்சத்திரம் தாண்டிப் போய்த் திரும்பினால் 200 தேறும். ஒன்பது பேர் கிளம்பினோம். போகும்போது நல்ல ஓட்டம். திரும்பும்போது தாராபுரம் தாண்டியதும் வெயில் மண்டையில் இறங்கியது. எனக்கு முன்னால் போனவருடைய பின் டயருக்கும் என் முன் டயருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கலாம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு மிதி லேசாக இருக்கும். குரூப்பாக ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சுகம் இது. அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சுற்றுகிற டயரையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் போனால் கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். தொட்டில் ஆடுவதைப் பார்க்கிற குழந்தை மாதிரி.

குண்டடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத்திலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி துள்ளியது. முன்னால் இருந்தவர் பிரேக் பிடித்தார். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவன் ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறான். ஒரு ஆபத்தைப் பார்த்து, புரிந்து, விரல் பிரேக்கை அழுத்தவே ஏறக்குறைய ஒரு நொடி வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரு முழம். என் முன் சக்கரம் அவருடைய பின் சக்கரத்தை உரசியது. இந்த உரசலில் முன்னால் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிறவனுக்கு ஹேண்டில்பார் கையில் இருக்காது. நான் வலது பக்கமாக, ரோட்டின் நடுவே விழுந்தேன். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

பின்னால் வந்த தேங்காய் லோடு லாரியின் டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தியதால் இதை எழுதுகிறேன். அவர்தான் இறங்கி வந்து தூக்கினார். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, கூட வந்த பசங்க உங்களை உட்டுப்போட்டுப் போயிட்டாங்களா?" என்றார். எனக்குப் பின்னால் இருந்த நாலு பேர் தாராபுரத்திலேயே இளநீர்க் கடையில் தங்கிவிட்டிருந்தார்கள். முன்னால் இருந்த மூவருக்கு நான் விழுந்ததே தெரியாது. உரசல் பட்ட நாலாமவர்கூட ஏதோ கல் தட்டியது என்று நினைத்துப் போயிருக்கிறார். ஆறு கிலோமீட்டர் தாண்டி, தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் எண்ணிப் பார்த்தார்களாம். நல்லவர்கள். இன்றைக்கும் நண்பர்கள். ஒன்பது பேரில் ஒருவரும் பொறுப்பு எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் ஒருவரிடமும் அந்தப் பொறுப்பு இல்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த ஆறு வாரத்தில்தான் இந்த விளையாட்டின் பூர்வீகத்தைப் படித்தேன். 1897இல் இத்தாலியில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கி.மீ. தூரத்தை ஒரே பகலில், சூரியன் உதித்து மறைவதற்குள் சைக்கிளில் கடந்தார்கள். துணிச்சல்காரர் என்று பொருள்படும் 'ஆடாக்ஸ்' என்ற லத்தீன் பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி டெகிராஞ்ச் 1904இல் இதைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். அந்த ஆடாக்ஸ் முறையில் கூட்டத்துக்கு ஒரு கேப்டன் உண்டு. அவர் மணிக்கு 22.5 கி.மீ. சராசரியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது, எல்லோரும் சேர்ந்து போய்ச் சேர வேண்டும். 1921இல் அதிலிருந்து இன்னொரு கிளை பிரிந்தது. அவரவர் வேகத்தில், அவரவர் பொறுப்பில் ஓட்டுவது. இன்று உலகம் முழுக்க நடக்கும் 'பிரெவே' ரைடுகள் அந்தக் கிளையைச் சேர்ந்தவை. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பின் கீழ் நடப்பவையும் அதுதான்: 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம். வழியில் வண்டி வைத்து உதவி செய்ய மாட்டார்கள் என்பது விதியிலேயே இருக்கிறது. விளக்கும் பிரதிபலிக்கும் மேலங்கியும் இல்லாமல் ராத்திரியில் ஓட்ட விட மாட்டார்கள் என்பதும் இருக்கிறது.

ஆக, உலகத்தில் இரண்டு வழிதான். ஒன்று, கேப்டனுக்குக் கட்டுப்பட்டுக் கூட்டமாகப் போவது. இல்லையென்றால், நமக்கு நாமே என்று தனியாகப் போவது. நம் வாட்ஸ்அப் ரைடுகள் இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கின்றன. கூட்டம் இருக்கிறது, கேப்டன் இல்லை. அவரவர் வேகம் இருக்கிறது, அவரவர் பொறுப்பு இல்லை. முன்னால் இருக்கிற இருபத்தைந்து வயசுப் பையன் 34இல் இழுப்பான், விட்டுவிட்டால் மானம் போய்விடும் என்று நாற்பத்தெட்டு வயசுக்காரர் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு தொங்குவார்.

2025 மார்ச்சில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை நடத்திய கடலோர சைக்கிள் பயணம் பலருக்கு நினைவிருக்கும். குஜராத்தின் லக்பத்திலிருந்து ஒரு அணி, மேற்கு வங்கத்தின் பக்காலியிலிருந்து ஒரு அணி, 25 நாளில் கன்னியாகுமரியில் வந்து முடித்தார்கள். இரண்டு வழியும் சேர்த்து 6,553 கி.மீ. அந்தப் படங்களைப் பார்த்து எங்கள் குரூப்பில் எல்லோருக்கும் ரத்தம் சூடேறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளமான மேற்குக் கரை வழிக்கே நாளொன்றுக்குச் சராசரி 150 கி.மீ.தான் வருகிறது. சீருடை போட்டுப் பயிற்சி எடுத்தவர்களுக்கு 150. சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டு வருகிற நமக்கு 200, அடுத்த மாதம் 300.

சரி, நம் ரோடுகளுக்கு வருவோம். 544ஆம் எண் நெடுஞ்சாலை, சேலத்திலிருந்து கொச்சிக்கு. செங்கப்பள்ளியிலிருந்து கோவை வரை ஆறு வழியாக நீட்டிப் படுத்திருக்கிறது. சைக்கிள்காரனுக்கு மெழுகு மாதிரி ரோடு. அதே ரோட்டில் அவினாசி அருகே 2020 பிப்ரவரி 20, விடிகாலை மூன்று மணியைத் தாண்டிய நேரம். கொச்சிப் பக்கமிருந்து டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி நடுத்திட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்தது. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசு பஸ்ஸின் ஒரு பக்கத்தையே பிய்த்துவிட்டது. 19 பேர் இறந்தார்கள். லாரி டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்றுதான் விசாரணையில் பேசப்பட்டது. அத்தனை பெரிய பஸ் தன் பாதையில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாம் 4 மணி என்று மெசேஜ் போடுகிறோமே, உடம்பு எவ்வளவு பழகியிருந்தாலும் தூக்கம் ஆளை அமுக்குகிற நேரம் ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரைதான். ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கும் அதே உடம்புதான்.

இதில் நம் கையும் இருக்கிறது. ஷிப்மென்ட் தேதி வெள்ளிக்கிழமை என்றால் பேக்கிங் வியாழன் ராத்திரி வரை இழுக்கும். கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று கண்டெய்னரைத் தூத்துக்குடிக்கு விரட்டுவோம். "எப்படியாவது விடியறதுக்குள்ள போயிருங்க" என்று டிரைவரிடம் நானே சொல்லியிருக்கிறேன். தாராபுரம் ரோட்டில் ராத்திரியில் நம்மை உரசிக்கொண்டு போகிற லாரியில் நம்முடைய டி-சர்ட்டே இருக்கலாம்.

80 கி.மீ. வேகத்தில் வருகிற லாரி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. டிம் வெளிச்சத்தில் டிரைவருக்குத் தெளிவாகத் தெரிவது ஐம்பது அறுபது மீட்டர். அதற்குள் அவர் நம்மைப் பார்த்தாக வேண்டும். நாம் போட்டிருப்பது என்ன? கறுப்பு ஜெர்சி, கறுப்பு ஷார்ட்ஸ். ஷேடு கார்டை வெயிலில் ஒரு தடவை, ட்யூப்லைட்டில் ஒரு தடவை என்று பார்த்துப் பார்த்து அப்ரூவல் வாங்குகிற ஊர் இது. நம் ஜெர்சி லாரி வெளிச்சத்தில் என்ன ஷேடில் தெரியும் என்று ஒருத்தரும் பார்த்ததில்லை. (ஷார்ட்ஸ் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று. உள்தொடையில் ஓவர்லாக் தையல் வருகிற ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு 200 கி.மீ. போகாதீர்கள். நூறாவது கிலோமீட்டரில் அந்தத் தையல் பிளேடாகிவிடும். பிளாட்லாக் போட்டதா என்று புரட்டிப் பார்க்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.)

ஓரத்தில் நிறுத்தியிருக்கும் லாரிகள் இன்னொரு எமன். பின் விளக்கு எரியாது, கொப்பு ஒடித்துப் போட்டிருந்தால் அதிர்ஷ்டம். முதலாவதாகப் போகிறவர் கடைசி நொடியில் பார்த்து விலகிவிடுவார். அவருடைய முதுகையே பார்த்து வருகிற மூன்றாவது ஆளுக்கு லாரி திடீரென்று முளைக்கும். வாயைத் திறந்து "லாரி!" என்று கத்துங்கள். பள்ளம், மணல், ஆடு, ராங் சைடில் வருகிற மொபெட், எல்லாவற்றுக்கும் கத்துங்கள். கையை நீட்டிக் காட்டினால் போதாது. தூங்குகிறவனுக்குக் கை தெரியாது, சத்தம் கேட்கும்.

ஆனி ஆடிக் காற்றில் பல்லடம் – உடுமலை ரோட்டில் ஓட்டியிருக்கிறீர்களா? குடிமங்கலம் பக்கம் காற்றாலைகள் சும்மா நட்டு வைக்கப்படவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று அங்கே ஆளைத் தள்ளும். தெற்கே உடுமலை நோக்கிப் போகும்போது அது வலது பக்கத்திலிருந்து அடிக்கும். தள்ளுகிற காற்றுக்கு எதிராக நாம் நம்மை அறியாமல் வலது பக்கம் சாய்ந்தே ஓட்டிக்கொண்டிருப்போம். அப்போது ஒரு லாரி வலப்புறமாக முந்தும். ஒரே கணம், காற்று சுவர் வைத்த மாதிரி நின்றுபோகும். சாய்ந்திருக்கிற சைக்கிள் தாங்கலை இழந்து வலது பக்கம், லாரியின் பின் சக்கரத்தை நோக்கி இழுக்கும். லாரி தாண்டியதும் காற்று மறுபடி அறைந்து இடது பக்க மண்ணில் தள்ளும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி இறக்கம். ஹாரன் கேட்டதும் ஹேண்டிலை இரண்டு கையிலும் பிடியுங்கள், முழங்கையைத் தளர்த்துங்கள், தண்ணீர் பாட்டிலைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் ஜோடி போட்டு வந்தால் அந்த மாதத்தில் அந்த ரோட்டில் உங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பின்னால் அனுப்புங்கள்.

நாய்களைச் சொல்லாமல் விட முடியாது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டிக்குள் புகுந்து நாய்கள் ஆடுகளைக் கடித்துக் குதறியதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்ததும் செய்தியில் வந்தவை. அந்த நாய்க் கூட்டத்துக்கு விடிகாலை சைக்கிள் வரிசை ஒரு மந்தைதான். முதல் ஆள் எழுப்பிவிடுகிற நாய் கடைசி ஆளைத்தான் பிடிக்கும். அவரோ ஏற்கெனவே களைத்துப் பின்தங்கியவர். கடி பட்டால் அங்கேயே சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, ரைடை முடித்துக்கொண்டு நேராக அரசு ஆஸ்பத்திரி. 0, 3, 7, 28ஆம் நாள் ஊசி. "முடிச்சுட்டுப் போய்க்கலாம், இன்னும் 60தான்" என்று யாராவது சொன்னால் அவரோடு அடுத்த ரைடு போகாதீர்கள்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. வெயில் என்று வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு அப்படி இறங்கியிருந்தது. தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் என்று தொடங்கும். வெயில் அடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், இன்னும் மோசமாகும். உப்புப் போட்ட மோரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் பையில் இருக்கட்டும். குழறல் கேட்டால் ஆஸ்பத்திரிதான்.

விழுந்துவிட்டால்? 108. நெடுஞ்சாலையில் 1033. தமிழ்நாட்டு எல்லைக்குள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தருகிற 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நல்லெண்ணத்தில் தூக்கிக்கொண்டு போகிறவர் மீது, அடிபட்டவருக்கு ஏதாவது ஆனாலும் வழக்கு வராது என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ பிரிவு சொல்கிறது. என்னைத் தூக்கிய லாரி டிரைவருக்கு அது தெரியாது. பயந்துகொண்டே தூக்கினார். ஆனால் ஒரு ஓட்டையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான பணமில்லா சிகிச்சையும், வண்டிகளின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்துக்கு உண்டானவை. நண்பருடைய டயரை உரசி விழுந்த என் மாதிரி ஆளுக்கு அதில் இடமில்லை. பிளேட் வைத்த ஆபரேஷனுக்கு என் கையிலிருந்துதான் போனது. தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்காமல் புஷ்பா ஸ்டாப்புக்கு வராதீர்கள்.

குரூப்பில் நாங்கள் சிலர் இப்போது ஓட்டுகிற விதம் வேறு. விடிந்து ஆறேகாலுக்குத்தான் கிளம்புகிறோம். ஆறு பேருக்கு மேல் ஒரு வரிசையில் இல்லை. முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம். கேப்டன், ஐம்பத்தெட்டு வயது நிட்டிங் ஃபிட்டர் ஒருவர். நாற்பது வருஷமாக சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், 22க்கு மேல் மிதிக்க மாட்டார், யாரையும் மிதிக்க விடவும் மாட்டார். கடைசியில் வருகிறவரிடம் ஒரு விசில். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை கேப்டன் "எண்ணிக்கை!" என்பார், பள்ளிக்கூட டூர் மாதிரி ஒன்று, இரண்டு என்று கத்த வேண்டும். கேலி செய்தவர்கள் விலகிவிட்டார்கள்.

சம்பளத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று டைலர்களிடம் கேட்டும் பார்த்தேன். "அண்ணன் சைக்கிள் ஓட்டறதுக்கு நாங்க சனிக்கிழமை சும்மா இருக்கோணுங்களா?" என்று சிரித்துவிட்டார்கள். நியாயம்தான். ஆகவே நீண்ட ரைடு இனிமேல் ஆயுத பூஜை, பொங்கல் மாதிரி லீவு விட்டதற்கு மறுநாள், அல்லது மதியம் வரை 100 கி.மீ.

அந்தப் பதினேழு கட்டைவிரல் மெசேஜுக்குக் கீழே நானும் ஒன்று போட்டேன்: "ஆறேகாலுக்குக் கிளம்பலாம். முந்தின நாள் ஆறு மணி நேரமாவது தூங்கினவங்க மட்டும் வாங்க." இரண்டு நாள் ஆகிறது. இதுவரை மூன்று கட்டைவிரல்.